ஐந்து நட்சத்திர மௌனம்

1

தமிழில் இன்று எழுதுகிறவர்களின் தொகையைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள், எழுதப்பட்டதற்குக் கீழே என்ன எழுதப்படுகிறது என்று படித்துப் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது. நான் படித்துப் பார்த்தேன். பிரதிலிபியிலும் அதைப் போன்ற வேறு தளங்களிலும், பல மாலைப் பொழுதுகளில், கதைகளை மட்டுமல்லாமல் கதைகளுக்கு வந்த எதிர்வினைகளையும் வரிசையாகப் படித்தேன். அருமை. மிக அருமை. சூப்பர் சகோ. செம. கண் கலங்கிவிட்டது. அடுத்த பாகம் எப்போது? வாழ்த்துகள் தோழி. நேரமிருந்தால் என் கதையையும் படித்துக் கருத்துச் சொல்லவும். இப்படி நூற்றுக்கணக்கில். அநேகமாக ஒவ்வொன்றின் தலையிலும் ஐந்து நட்சத்திரம்.

இதைக் கருத்து என்கிறார்கள். சில சமயம் விமரிசனம் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. பேச்சின் வேஷம் போட்டுக்கொண்ட மௌனம் இது. வந்து போனேன் என்பதற்கு அடையாளமாக வைக்கப்படும் கைநாட்டு. கைநாட்டைப் பார்த்தால் யாருடைய விரல் என்று தெரியும். அவர் என்ன நினைத்தார் என்று தெரியாது.

தளங்களை நடத்துகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. வசதிகளைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறார்கள். பின்தொடரும் வசதி, மறுமொழி வசதி, காசு கொடுத்து வாங்கி எழுதுகிறவருக்கு அனுப்பிவைக்கும் ஸ்டிக்கர், அதிகம் படிக்கப்பட்டவை என்று ஒரு பட்டியல், ஓயாத போட்டிகள். இவற்றில் ஒன்றாவது எழுத்து மேம்பட வேண்டும் என்பதற்காக ஏற்பட்டதா? படிக்கிறவரை இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்த்தி வைக்கவும், எழுதுகிறவரை இன்னும் ஒரு பாகம் எழுத வைக்கவும் ஏற்பட்டவை இவை. புகழ்வதற்கான வசதி நாளுக்கு நாள் கூடுகிறது. ஒரு வாக்கியத்தைச் சுட்டி, இது நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை என்று சொல்வதற்கான வசதி ஏறக்குறைய ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறது.

நான் சொல்ல வருவது இது. குற்றம் வாசகருடையது அல்ல, ஏற்பாட்டினுடையது. ஏற்பாட்டைத் திருத்த முடியும். திருத்தாமல் இருப்பதில் சிலருக்கு ஆதாயம் உண்டு. திருத்தும்படி கேட்டிருக்க வேண்டியவர்களான நாம், அதாவது சிறுபத்திரிகைக்காரர்கள், கேட்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டோம்.

2

நான் வங்கியில் குமாஸ்தா. என் தொழிலிலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன்.

இரண்டு வியாபாரிகள். இருவரிடமும் சரக்கு கிடையாது. முதல்வர் இரண்டாமவர் பேரில் ஒரு பில் எழுதுகிறார். இரண்டாமவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார். இன்னொரு நாள் இவர் எழுத, அவர் கையெழுத்துப் போடுகிறார். இரண்டு காகிதத்தையும் வங்கியில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். அக்கமடேஷன் பில் என்று இதற்குப் பெயர். தேதி சரியாக இருக்கும், கையெழுத்து அசலாக இருக்கும், தொகை எண்ணாலும் எழுத்தாலும் ஒத்துப்போகும். இல்லாதது சரக்கு ஒன்றுதான். கெடு வந்து ஒருவர் கை விரித்தால் இருவரும் விழுவார்கள்.

என் கதைக்கு நீ ஐந்து, உன் கதைக்கு நான் ஐந்து என்பது இந்தக் காகிதம்தான். யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்வதில்லை, நல்லெண்ணத்தில் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். நல்லெண்ணம் இருக்கட்டும். காகிதத்தின் பின்னால் சரக்கு உண்டா என்பதே கேள்வி.

இது தமிழனுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. ஹார்ப்பர்காலின்ஸ் என்ற பெரிய பதிப்பகம் 2008இல் ஆத்தானமி என்று ஒரு தளம் தொடங்கியது. எவரும் தம் நாவலை அங்கே ஏற்றலாம். உறுப்பினர்களின் ஆதரவைக் கொண்டு தரவரிசை போடப்படும். மாதக் கடைசியில் முதல் ஐந்து இடத்தில் நிற்கும் கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பகத்தின் ஆசிரியர்கள் படிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், எழுதுவதை விட ஆதரவு திரட்டுவதே முக்கிய வேலையாகிப் போனது. நான் உன்னைத் தூக்குகிறேன், நீ என்னைத் தூக்கு. உள்ளே இருந்தவர்களே புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். 2015இல் தளத்தை மூடிவிட்டார்கள். வாக்கு எண்ணி இலக்கியம் தேர்வதென்றால் வாக்குச் சேகரிக்கத் தெரிந்தவனே தேர்வான். இதைக் கண்டுபிடிக்க ஏழு வருஷம் தேவையில்லை. நமது பஞ்சாயத்துத் தேர்தல் ஒன்றைப் பார்த்திருந்தால் போதும்.

அந்த அனுபவத்துக்குப் பிறகும் இங்கே அதுவே வழி என்று நினைக்கிறார்கள். அமேசான் நடத்திய ‘பென் டு பப்ளிஷ்’ போட்டியில் தமிழுக்கு இடம் கிடைத்தபோது நம்மவர்கள் மகிழ்ந்தார்கள். நடுவர்கள் கடைசியில்தான் வருவார்கள். அவர்கள் கைக்குப் போகுமுன் விற்பனையும் வாசகர் மதிப்பீடும் சல்லடை. அந்த மாதங்களில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமிருந்தும் வந்த வேண்டுகோள்களை நீங்களும் பெற்றிருப்பீர்கள். புத்தகத்தை இறக்கிக்கொள்ளுங்கள், ஐந்து போடுங்கள். படியுங்கள் என்ற சொல் அதில் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

வங்கியில் இன்னொரு மனிதரும் உண்டு. நகைக் கடன் மேஜையில் உட்காரும் மதிப்பீட்டாளர். அவர் நகையைப் பார்த்து, அழகான நெக்லஸ், வாழ்த்துகள் அம்மா என்று சொல்வதில்லை. உரைகல்லில் உரசுகிறார். மொத்த எடையை எழுதுகிறார். கல்லையும் அரக்கையும் கழித்து நிகர எடையை எழுதுகிறார். அடகு வைக்க வந்தவர் முகம் சுருங்கலாம். ஆனால் அந்தச் சீட்டுக்கு மதிப்பு உண்டு. அவர் எல்லாவற்றையும் பத்தரை மாற்று என்று எழுதிக் கொடுத்தால் ஒருவருக்கும் கடன் கிடைக்காது. விமரிசனம் என்பது நிகர எடை சொல்வது. நமது தளங்களில் மொத்த எடை கூடச் சொல்லப்படுவதில்லை. நகை மின்னுகிறது என்று மட்டும் ஐநூறு பேர் சொல்கிறார்கள்.

3

இந்த ஏற்பாடு குற்றத்தை மறைக்கிறது என்பதோடு நின்றுவிட்டால் அது பாதி உண்மை. அதைவிடப் பெரிய தீமை, இது குணத்தையும் மறைக்கிறது.

எங்கள் ரெட்டியார்பாளையத்தில் ஒரு பெண். துணிக்கடையில் வேலை. இரவில் கைபேசியில் தொடர்கதை எழுதுகிறாள். நாற்பதுக்கு மேற்பட்ட பாகங்கள். நான் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லி, வங்கிக்கு வந்தபோது கேட்டாள்: “சார், எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. எங்க நல்லா இல்லன்னு சொல்ல ஒரு ஆளு கிடைக்கல. நீங்க படிச்சிட்டுச் சொல்லுங்க சார்.”

படித்தேன். பணக்காரக் கதாநாயகன், கோபக்காரன், கல்யாணம் நடந்தும் பேசாமல் இருக்கிறான். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் பன்னிரண்டாம் பாகத்தில் கதாநாயகியின் தகப்பன் வருகிறான். ஆலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகும் அதே நேரத்துக்கு எழுந்து, குளித்து, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்று, பிறகு திரும்பி வந்து தூக்கைத் திண்ணையில் வைக்கிறான். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பத்து மணிக்கு அதே தூக்கிலிருந்து சாப்பிடுகிறான். இருபது வரி இருக்கும். ஒரு சொல் மிகையில்லை. ஆலைச் சங்கைப் பாரதிதாசன் பாடிய ஊர் இது. நூறாண்டுக்கு மேல் ஓடிய ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் முற்றாக மூடப்பட்டது. அந்தச் சங்கு நின்றுபோனதைப் பற்றி இந்த ஊரில் நமது கவிஞர்கள் எழுதியவற்றில் இந்த இருபது வரிக்கு ஈடானதை நான் படிக்கவில்லை.

அந்தப் பாகத்துக்கு வந்த எதிர்வினைகளை முழுவதும் பார்த்தேன். நூற்றுக்கும் மேல். எல்லாம் ஐந்து நட்சத்திரம். ஒருவராவது அந்தத் தூக்கைப் பற்றிச் சொல்லவில்லை. ஹீரோ எப்போது பேசுவான்? இந்த எபியில் ஹீரோ வரவே இல்லையே சிஸ்? அதற்குப் பிறகு அந்தத் தகப்பன் கதையில் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். “யாருக்கும் பிடிக்கல போல இருந்துச்சு சார்” என்றாள்.

இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரு எழுத்தாளர் தன்னையறியாமல் தன் உண்மையான பொருளைத் தொட்டார். தொட்டது தெரியவில்லை, முதல் புத்தகக்காரர்களுக்கு ஒருபோதும் தெரியாது. அதைச் சொல்ல ஒருவர் வேண்டும். நூறு பேர் வந்தார்கள், நூறு பேரும் பாராட்டினார்கள், பாராட்டின் இரைச்சலில் அந்த ஒரு செய்தி அவளை எட்டவில்லை. எல்லாப் பாகத்துக்கும் ஐந்து என்றால் பன்னிரண்டாம் பாகத்துக்கும் ஐந்துதான். எண் வேறுபடாதபோது அவள் வேறு எதைப் பார்ப்பாள்? அடுத்த பாகம் எப்போது என்ற கேள்விகளை எண்ணினாள். அவை குறைந்திருந்தன. தகப்பனை வெட்டினாள். ஒரு கொடுமையான விமரிசகன் கூட அந்தத் தகப்பனைக் கொன்றிருக்க மாட்டான். அன்பான நூறு பேர் கொன்றார்கள்.

4

அளவுகோல் எழுத்தை அளப்பதோடு நிற்பதில்லை, எழுத்தை உண்டாக்கவும் செய்கிறது. இது நமக்குப் புதிதல்ல. கவியரங்கங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் கைதட்டல் என்ன செய்தது? நான்காவது வரியில் ஒரு வெட்டு, ஒரு சிலேடை, தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டம் “மறுபடியும்” என்று கத்த வேண்டும். கத்தாத வரி வீண் வரி. கவிதையின் உறுப்புகள் கைதட்டலுக்கேற்ப வளைந்தன. நட்சத்திரம் என்பது எண்ணிக்கை வைத்துக்கொண்ட கைதட்டல். அடுத்த பாகத்தைப் பூட்டி வைத்து, காசு கொடுத்தவருக்கு முதலில் திறக்கும் ஏற்பாடு வந்த பிறகு, ஒவ்வொரு பாகமும் ஒரு கதவின் முன்னால் முடிய வேண்டியதாகிறது. வாரப் பத்திரிகையின் “தொடரும்” செய்த அதே வேலை. வாரப் பத்திரிகைக்காவது ஏழு நாள் பொறுமை இருந்தது.

எதிர்வினை என்பதைத் தமிழ் எப்படிக் கற்பனை செய்தது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இறையனார் அகப்பொருளுக்கு நாற்பத்தொன்பது புலவர்களும் உரை கண்டார்கள். எது மெய்யுரை என்று தீர்மானிக்க ஆள் இல்லை. உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன், ஐந்து வயதுப் பிள்ளை, பேச வராதவன். அவனை ஆசனத்தில் இருத்தி ஒவ்வொருவராக உரை படித்தார்கள். மருதனிளநாகனார் உரைத்தபோது சில இடங்களில் அவன் கண்ணீர் வடித்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும்.

இதைப் பக்திக் கதையாகப் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம். நான் கவனிப்பது வேறு. தீர்ப்புச் சொன்னவன் பாட்டு எழுதுகிறவன் அல்ல. தன் உரையை அரங்கேற்றக் காத்திருப்பவன் அல்ல. யாருக்கும் கடன்படாதவன். அவனிடம் பாராட்டு வார்த்தையே கிடையாது. எந்த இடத்தில் கண்ணீர் வந்தது என்பதுதான் தீர்ப்பு. மொத்தத்துக்கு மார்க் போடாமல் இடத்தைச் சுட்டிய எதிர்வினை. இன்னொன்றும் உண்டு: அவன் அழுதது பாட்டுக்கு அல்ல, உரைக்கு. விளக்கம் சரியாக இருந்தால் அதுவும் மெய்சிலிர்க்க வைக்கும் என்று நம்பிய மரபு இது. இன்று வாசகர் வாய் நிறையப் பேசுகிறார், இடத்தைச் சுட்டுவதில்லை. அந்தப் பிள்ளை பேசாமல் சுட்டினான்.

கிட்டிய காலத்துக்கு வருவோம். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கியபோது விமரிசனத்தைப் பத்திரிகையின் முதுகெலும்பாக வைத்தார். 1970 வரை 119 இதழ்கள். 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு. எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் படித்தார்கள், சண்டை போட்டார்கள், சண்டை அச்சில் வந்தது. திருகோணமலையிலிருந்து எழுதிய இருபது வயது தருமு சிவராமுவுக்குக் கவிதைக்கும் இடம் கிடைத்தது, விமரிசனத்துக்கும் இடம் கிடைத்தது. தமிழ்ப் புதுக்கவிதை அந்தச் சண்டைகளின் பிள்ளை. இணையம் வந்த பிறகு அதே ‘எழுத்து’ என்ற பெயரில் ஒரு தளமும் எழுந்தது. எவரும் கவிதை ஏற்றலாம் என்ற ஏற்பாடு. பெயரை எடுத்துக்கொண்டார்கள், சண்டையை விட்டுவிட்டார்கள்.

வெளியே பார்த்தாலும் இதுதான். எலியட்டின் ‘பாழ்நிலம்’ 1922இல் வெளிவந்தது. எஸ்ரா பவுண்ட் அதன் மூலப்படியில் என்ன செய்தார் என்பது 1971இல் நகல் பதிப்பு வந்தபோது எல்லோருக்கும் தெரிந்தது. கடலில் இறப்பது பற்றிய பகுதியில் ஒரு நீண்ட கடற்பயணம் இருந்தது. பவுண்ட் அதை அடித்தார். மிஞ்சியது பத்து வரி. அந்தப் பத்து வரிதான் இன்று நமக்குத் தெரியும். பவுண்ட் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தால்?

5

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். அவற்றில் இரண்டு மதிப்புக்குரியவை.

முதலாவது: புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஊக்கம்தான் தேவை, கத்தி அல்ல. வாஸ்தவம். ஆனால் ஊக்கம் என்பது என்ன? துணிக்கடைப் பெண்ணுக்கு, “அந்தத் தூக்குச் சட்டிப் பகுதியை விடாதே” என்று ஒரு வரி கிடைத்திருந்தால் அதுதான் ஊக்கம். எல்லோருக்கும் கிடைப்பது ஊக்கம் ஆகாது. அது விபூதிப் பிரசாதம். வரிசையில் நின்றவருக்கெல்லாம் கிடைக்கும்.

இரண்டாவது இன்னும் கனமானது. இந்தத் தளங்களில் எழுதுகிறவர்களில் பெரும் பகுதி பெண்கள். வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறவர்களும் உண்டு. விமரிசனத்துக்குக் கதவைத் திறந்தால் அதன் வழியே வசை வரும், ஆபாசம் வரும், நடத்தையைப் பற்றிய பேச்சு வரும். சகோ, சிஸ் என்ற உறவுச் சொற்களும் பாராட்டு மழையும் ஒரு வேலி. அவர்கள் தாங்களே கட்டிக்கொண்ட வேலி. இதைப் புரிந்துகொள்ளாமல் கேலி செய்கிற ஆண் விமரிசகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வேலி கட்ட வேண்டியது தளம். அந்த வேலையைச் செய்யாமல், பாராட்டைக் கொண்டு வேலி கட்டிக்கொள்ளும்படி எழுதுகிறவர்களை விட்டுவிட்டது. வசை ஆளைப் பற்றியது. விமரிசனம் வாக்கியத்தைப் பற்றியது. இரண்டையும் பிரிக்கும் ஏற்பாடு செய்வது கடினமில்லை. செய்தால் செலவு.

செலவு என்ற சொல்லைச் சொன்ன பிறகு மற்றதையும் சொல்ல வேண்டும். பிரதிலிபி 2014இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம். 2019இல் சீனத்தின் டென்சென்ட், 2021இல் தென்கொரியாவின் கிராஃப்டன் என்று பெரிய முதலீட்டாளர்கள் பணம் போட்டிருக்கிறார்கள். வாட்பேட் 2006இல் கனடாவில் தொடங்கியது. 2021இல் தென்கொரியாவின் நேவர் 60 கோடி டாலருக்கு அதை வாங்கியது. வாங்கப்பட்டது என்ன? கதைகள் மட்டுமல்ல, கதையின் முன்னால் மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் நேரம். நேரத்தை விற்கிறவனுக்கு நிதானமான வாசகன் லாபமில்லை. “இந்தப் பாகத்தை மறுபடி எழுது” என்று சொல்லும் வாசகனால் அவனுக்கு நஷ்டம்; மறுபடி எழுதும் வாரத்தில் புதுப் பாகம் வராது. வசதிகள் ஏன் புகழின் பக்கமே சாய்கின்றன என்பதற்கு இதைவிட ரகசியமான காரணம் எதுவும் இல்லை.

6

திட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகளை நாம் நிறைய எழுதிவிட்டோம். என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். எதுவும் ஆகாயக் கோட்டை அல்ல. பலவற்றை எங்கோ யாரோ செய்து பார்த்திருக்கிறார்கள்.

எழுதுகிறவர் கேள்வி கேட்கட்டும். கதையை ஏற்றும்போதே அதன் அடியில் ஒன்றிரண்டு கேள்விகளை வைக்க இடம் கொடுங்கள். இந்தத் தகப்பன் நம்பும்படி இருக்கிறானா? எங்கே சலிப்புத் தட்டியது? “கருத்துச் சொல்லுங்கள்” என்ற வெற்றிடத்தின் முன் வாசகர் திகைத்து அருமை என்று எழுதுகிறார். கேள்வி இருந்தால் பதில் எழுதுவார். பாராட்டு மட்டும் வேண்டும் என்று எண்ணுகிறவர் கேள்வி வைக்காமல் விடலாம். அது அவர் உரிமை.

இடம் சுட்டும் வசதி வேண்டும். வாட்பேடில் பத்திக்குப் பத்தி பக்கத்திலேயே குறிப்பு எழுத முடிகிறது. பெரும்பாலும் சிரிப்பும் அழுகையும்தான் எழுதுகிறார்கள். இருந்தாலும் எந்தப் பத்தியில் சிரித்தார்கள், எங்கே மௌனமானார்கள் என்பது எழுதுகிறவருக்குச் செய்தி. உருத்திரசன்மன் செய்ததும் அதுதான்.

பெறுகிறவர் கொடுக்கவும் வேண்டும். ஆண்ட்ரூ பர்ட் என்பவர் 1995இல் அறிவியல் புனைகதைக்காரர்களுக்காகத் தொடங்கிய கிரிட்டர்ஸ் என்ற பட்டறையில், மற்றவர் கதைகளைப் படித்து எழுத்தில் விமரிசனம் அனுப்புகிறவர்களுக்கே தம் கதையை வைக்க உரிமை. ஐஸ்லாந்தில் 2003இல் தொடங்கிய கிரிட்டிக் சர்க்கிளில் விமரிசனம் எழுதிப் புள்ளி சேர்த்தால்தான் தன் கதையை ஏற்றலாம். இதில் ஒரு ஓட்டை உண்டு. சொல் எண்ணிக்கைக்குப் புள்ளி என்றால் சொல் பெருகும், பொருள் பெருகாது. பரஸ்பரக் கையெழுத்து இங்கும் நுழையும். ஆகவே யார் கதை யாருக்குப் போகிறது என்பதை எழுதுகிறவர்கள் தீர்மானிக்கக் கூடாது. தளம் குலுக்கிப் போடட்டும். பெயரை மறைக்கட்டும். எனக்குப் படித்தவருக்கு நான் படிக்க முடியாது என்று ஒரு விதி இருந்தால் அக்கமடேஷன் பில் செத்தது.

எண்ணை மறையுங்கள். ஒரு கதையைப் படித்து முடிக்கும்வரை அதற்கு எத்தனை நட்சத்திரம், எத்தனை பேர் படித்தார்கள் என்று வாசகருக்குத் தெரிய வேண்டாம். யூடியூப் 2021இல் பிடிக்கவில்லை என்ற எண்ணிக்கையைப் பிறர் கண்ணிலிருந்து மறைத்தது. பிடிக்கவில்லை என்பதை மறைக்க முடிகிறவர்களுக்குப் பிடித்தது என்பதையும் மறைக்க முடியும். மனம்தான் இல்லை.

திருத்தம் தெரியட்டும். முதல் படியும் திருத்திய படியும் ஒரே இடத்தில், எழுதுகிறவர் சம்மதத்தோடு. தமிழில் ஒரு எழுத்தாளர் எப்படித் திருத்துகிறார் என்பதைப் பார்க்க ஒரு இளம் எழுத்தாளருக்கு வழியே இல்லை. பவுண்டின் பென்சிலைப் பார்க்க ஆங்கிலக்காரனுக்கு ஒரு புத்தகம் இருக்கிறது.

கடைசியாக, மிக அவசியமானது: சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள். தமிழில் எடிட்டர் என்ற மனிதரை வைத்து வேலை செய்த பதிப்பகங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. 1974இல் தொடங்கிய க்ரியாவில் எஸ். ராமகிருஷ்ணன் ஒரு பிரதியோடு எவ்வளவு காலம் உட்காருவார் என்பதைத் தமிழ் எழுத்துலகம் அறியும். இமையத்தின் முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் அங்கிருந்துதான் வந்தது. ராமகிருஷ்ணன் 2020இல் போய்விட்டார். அந்த வேலை போய்விட வேண்டியதில்லை. நாணயமும் ஸ்டிக்கரும் விற்று வரும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, மொழிக்குப் பத்துப் பேர் போதும், மாதத்துக்கு இத்தனை கதை என்று எடுத்து, இந்த வாக்கியம் ஏன் நிற்கவில்லை, இந்த இருபது வரி ஏன் நிற்கிறது என்று எழுதட்டும். எல்லோருக்கும் தெரியும்படி எழுதட்டும். ஒரு நல்ல விமரிசனத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாசகருக்கு, அப்படியும் சொல்லலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். விமரிசனம் பிறவிக் குணமல்ல, பார்த்துக் கற்பது.

7

இவ்வளவு சொன்ன பிறகு நம் பக்கத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு பாசாங்காகிவிடும்.

சிறுபத்திரிகை உலகம் இந்தத் தளங்களைப் பற்றி எழுதியது எவ்வளவு? குப்பை என்ற ஒரு சொல். குப்பையைக் கிளறிப் பார்க்காமல் குப்பை என்று எப்படித் தெரிந்தது? முன்னூறு பிரதி அச்சடித்து அதில் நூற்றைம்பதை நண்பர்களுக்கு இலவசமாக அனுப்பும் நாம், லட்சக்கணக்கானவர்கள் தமிழில் எழுதிப் பார்க்கிற ஒரு இடத்தை, தமிழ் இதுவரை கண்டிராத ஒரு பரப்பை, ஒரு சொல்லில் தள்ளிவிட்டோம். தள்ளிவிட்டு நாம் செய்துகொண்டிருப்பது என்ன? மதிப்புரை என்ற பெயரில் நண்பர் நண்பருக்கு எழுதுகிறார். முன்னுரை எழுதியவரே வெளியீட்டு விழாவில் பேசுகிறார். பேசியவரே மதிப்புரையும் எழுதுகிறார். “தமிழின் முக்கியமான குரல்” என்று நாம் சென்ற வருஷம் எத்தனை பேரை அறிவித்தோம் என்று யாராவது எண்ணிச் சொல்லட்டும். அருமை சகோ என்பதற்கும் இதற்கும் நடையில் வித்தியாசம் உண்டு, சரக்கில் இல்லை. நமது பில்லில் கையெழுத்து இன்னும் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தளங்கள் தாமாகத் திருந்தும் என்று நான் நம்பவில்லை. கணக்குப் பார்க்கிறவன் கணக்கில் வருவதைத்தான் பார்ப்பான். ஆனால் எந்தத் தளமும், எந்த வசதியும் வருவதற்கு முன்பே நாம் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இந்த இதழைப் படிக்கிற ஒவ்வொருவரும் மாதம் ஒரு கதையை, தமக்குத் தெரியாத ஒருவரின் கதையை, அங்கே போய்ப் படிக்கட்டும். முடிவுவரை படிக்கட்டும். நட்சத்திரத்தைத் தொடாமல், அதில் நிற்கிற ஒரு பத்தி எது, நிற்காத ஒரு பத்தி எது என்று, மரியாதையாக, நாலு வரி எழுதட்டும். முன்னூறு பேர் எழுதினால் மாதம் முன்னூறு கதை. செல்லப்பா புத்தக மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். நமக்கு மூட்டை கூட இல்லை. கைபேசி சட்டைப்பையில் இருக்கிறது.

துணிக்கடைப் பெண்ணைப் போல, எங்கே நன்றாக இல்லை என்று சொல்ல ஒரு ஆளைத் தேடுகிறவர்கள் இந்த மொழியில் எத்தனை ஆயிரம் பேர் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் நம்மிடம் கேட்பது புகழ் அல்ல. புகழ் அவர்களிடம் நிறைய இருக்கிறது.